பேயும் காதலும் பூட்டிய அறையும்

தலைக்காட்டுக்குச் சென்று வந்த நம் மாணவர்களைக் கேட்டால், அங்கே கண்டது மணல் என்பார்கள். கேட்டது சாபம் என்பார்கள். காவிரிக் கரையில் கோயில்களை மூடிக் கிடக்கும் அம்மணல்மேட்டிற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. ஆற்றுப் படுகையில் வெளிப்பட்ட மணலைக் காற்று நெடுங்காலமாக அள்ளிவந்து ஊரின்மேல் குவித்தது என்பது ஒன்று. அலமேலம்மாவின் சாபம் என்பது மற்றொன்று. 1610-ஆம் ஆண்டில் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றினார். அங்கிருந்த விஜயநகரப் பிரதிநிதியின் மனைவி அலமேலம்மா. அரங்கநாயகித் தாயாருக்குச் சாத்தும் நகைகள் அவரிடம் இருந்தனவாம். அவற்றைக் கேட்டு அரசனின் ஆட்கள் துரத்தியபோது, தலைக்காடு மணலால் மூடவும், மாலங்கி மடுவாகவும், மைசூர் அரசர்க்குப் பிள்ளைப்பேறு இல்லாது போகவும் சாபமிட்டுக் காவிரியில் பாய்ந்தார் என்பது கதை. 2015-இல் அரச குடும்பத்திற்குச் சுவீகாரமாக வந்த யதுவீரருக்கு 2017 டிசம்பரில் ஆண் மகவு பிறந்தபோது, நாளேடுகள் எல்லாம் நானூறு ஆண்டுக்கு முந்திய அச்சாபத்தை மறவாமல் எழுதின.

காற்றின் கதையை நாம் நம்புகிறோம். ஆனால் விடுமுறைக்கு ஊருக்குப் போனால் வீட்டாரிடம் சொல்வது சாபத்தின் கதையைத்தான். அறிவு ஒப்பாத ஒன்றை நெஞ்சு ஏன் இவ்வாறு விரும்பி வைத்துக்கொள்கிறது? அமானுஷ்யக் காதல் மர்மக் கதைகளைப் பற்றி எண்ணும்போது முதலில் எழும் கேள்வி இதுவே.

பெயர் நீளமானது, பொருள் எளிது. ஒரு காதல் உண்டு. ஓர் ஆபத்து உண்டு. அந்த ஆபத்து மனிதனால் வருவதா, மனிதனுக்கு அப்பாற்பட்டதால் வருவதா என்ற ஐயம் உண்டு. இம்மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால் அது இவ்வகைப் புதினம். பேய் மட்டும் வந்தால் பேய்க்கதை. கொலைகாரனைக் கண்டுபிடிப்பது மட்டும் என்றால் துப்பறியும் கதை. இவ்வகையைப் படிப்போர் பலர். படிப்பதாக ஒப்புக்கொள்வோர் சிலர். விடுதியில் பாடப்புத்தகத்தின் நடுவே வைத்துப் படித்தவர்கள் முன்பு. செல்பேசித் திரையின் ஒளியைக் குறைத்துப் படிப்பவர்கள் இப்போது. பேராசிரியர்கள் இவற்றைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவர். பொழுது போக்குவதற்கு எத்தனையோ இருக்க, மனிதர் அஞ்சுவதற்கென்றே பொழுதைச் செலவிடுவது ஏன் என்று கேட்டால் அவர்களிடம் விடை இல்லை.

இக்கதையின் மேனாட்டுப் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1764-இல் ஹொரேஸ் வால்போல் எழுதிய 'ஒட்ராண்டோ கோட்டை' வழி திறந்தது. அதில் வானத்திலிருந்து பெருந்தலைக்கவசம் விழுந்து மணமகனைக் கொல்லும். இன்று படித்தால் அச்சத்தைவிடச் சிரிப்பே மிகுதியாக வரும். 1794-இல் ஆன் ராட்கிளிஃப் எழுதிய 'உடால்ஃபோவின் மர்மங்கள்' அப்படியன்று. பெற்றோரை இழந்த எமிலி என்னும் இளம்பெண் மலைக்கோட்டை ஒன்றில் அடைபடுகிறாள். இரவில் இசை கேட்கிறது. கருந்திரைக்குப் பின்னால் எதையோ கண்டு மயங்கி விழுகிறாள். இறுதியில் திரைக்குப் பின்னால் இருந்தது மெழுகு உருவமே என்று ஆசிரியை விளக்கிவிடுகிறார். ஆனால் பேய் பொய்யானதால் எமிலியின் ஆபத்து பொய்யாகிவிட்டதா? இல்லை. அவளை அடைத்து வைத்த மாண்டோனி அவளுடைய சொத்தை எழுதி வாங்கத் துடிப்பவன். பேய் போய்விட்டது, கையெழுத்துக் கேட்கும் மனிதன் நிற்கிறான்.

இவ்வகைக் கதையின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. பேய் என்பது ஒரு பெண் வாய்விட்டுச் சொல்ல முடியாத அச்சத்தின் உருவம். 'இந்த வீட்டில் என்னவோ சரியில்லை' என்று அவள் சொன்னால், 'உனக்கு மனப்பிரமை' என்பார்கள். கதை மட்டுமே, 'நீ நினைத்தது சரி' என்கிறது. 1847-இல் வெளிவந்த 'ஜேன் அயர்' நாவலில் மேல்மாடியிலிருந்து நள்ளிரவில் கேட்கும் சிரிப்பொலிக்கு வேலைக்காரியைக் காரணமாகச் சொல்லி ஜேனை ஏமாற்றுகிறார்கள். மணவறையில் நிற்கும் நேரத்தில்தான், தன் மணமகனின் முதல் மனைவி அந்த மாடியில் பூட்டப்பட்டு உயிரோடிருப்பதை அவள் அறிகிறாள். 1938-இல் டாஃப்னே டு மாரியே எழுதிய 'ரெபெக்கா'வில் இரண்டாம் மனைவிக்குப் பெயரே இல்லை. இறந்துபோன முதல் மனைவியின் பெயர்தான் புத்தகத்தின் பெயர். அவ்வீட்டில் பேய் ஒன்றும் உலவவில்லை. ஆயினும் ஒவ்வோர் அறையிலும் இறந்தவளே இருக்கிறாள்.

1960-களில் அமெரிக்காவில் இத்தகைய புதினங்கள் மலிவுப் பதிப்பாகக் குவிந்தன. மேலட்டைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி: இருண்ட மாளிகை, ஒரே ஒரு சன்னலில் விளக்கு, அதைவிட்டு ஓடிவரும் ஒரு பெண். அவற்றைப் பற்றி 1973-இல் கட்டுரை எழுதிய ஜோவானா ரஸ் என்ற எழுத்தாளர் அதற்கு வைத்த தலைப்பின் பொருள், 'யாரோ என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள், என் கணவர்தான் என்று நினைக்கிறேன்' என்பதாகும். கேலியாக வைத்த தலைப்புத்தான். ஆனால் அக்கேலிக்குள் நம் நாட்டுப் பெண்களுக்கு நன்கு தெரிந்த ஒரு செய்தி இருக்கிறது. இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, இரண்டு மூன்று முறை மட்டுமே பார்த்துப் பேசிய ஒருவனோடு, தான் முன்பின் அறியாத ஒரு வீட்டிற்குள் வலக்காலை எடுத்து வைத்து நுழைகிறாள். அவ்வீட்டில் எந்த அறை திறந்திருக்கும், எது பூட்டியிருக்கும், யாரைப் பற்றிப் பேசலாம், யார் பெயரை எடுத்தால் மாமியார் முகம் மாறும் என்பதெல்லாம் அவள் மெல்ல மெல்லத் துப்பறிந்து தெரிந்துகொள்ள வேண்டியவை. மேனாட்டார் கோட்டையைத் தேடிப் போய்க் கற்பனை செய்ததை நம் வீடுகள் நாள்தோறும் நடத்திக் காட்டுகின்றன.

ஆகவேதான் இக்கதைகளில் இரண்டு கேள்விகள் ஒன்றாக ஓடுகின்றன. 'வந்தது பேயா, மனிதனா?' என்பது ஒன்று. 'இவனை நம்பலாமா?' என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு விடை கிடைக்கும்போது இரண்டாவதற்கும் விடை கிடைத்துவிட வேண்டும். நல்ல கதைக்கு இது அடையாளம். இரண்டும் ஒட்டாமல் தனித்தனியே ஓடினால், எத்தனை பிணங்கள் விழுந்தாலும் பக்கத்தைப் புரட்டக் கை எழாது.

நம் பக்கத்துத் திரைப்படங்களுக்கு வருவோம். 1993-இல் வந்த மலையாளப் படம் 'மணிச்சித்திரத்தாழ்'. பெயரே பூட்டைக் குறிப்பது. திறக்கக்கூடாத அறையைக் கங்கை திறக்கிறாள். அங்கே கொலையுண்ட நாகவல்லி என்னும் நடனமாதின் கதை அவளைப் பற்றிக்கொள்கிறது. அக்கதையைப் பி. வாசு 2004-இல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா'வாகவும், 2005-இல் தமிழில் 'சந்திரமுகி'யாகவும் எடுத்தார். 2007-இல் இந்திக்கும் போயிற்று. மைசூரில் கன்னட நண்பர்களோடு கூடி வாழும் நாம் கவனிக்கத்தக்க ஒன்று இதில் உண்டு. மலையாளப் படத்தில் அந்த ஆவி தஞ்சாவூரிலிருந்து வந்தது, தமிழ் பேசும். கன்னடப் படத்திலும் தமிழ்ப் படத்திலும் அது தெலுங்கு பேசும். இந்தியில் வங்காளி ஆகிவிட்டது. அவரவர் பேய் அடுத்த வீட்டு மொழியிலேயே பேசுகிறது! சொந்த மொழியில் பேசினால் அது நம் அத்தையோ சித்தியோ ஆகிவிடும் போலும். அச்சத்திற்குச் சிறிது தொலைவு வேண்டியிருக்கிறது. மிகவும் தொலைவாகவும் இருக்கக்கூடாது. ஆங்கிலம் பேசும் பேய்க்கு நம்மவர் யாரும் அஞ்சியதாகத் தெரியவில்லை.

இப்படங்களில் மனநல மருத்துவர் வந்து, இது நோய் என்று விளக்குகிறார். ஆனால் நோய் தீர்வது மருந்தால் அன்று. கொன்றவனைக் கொல்வதுபோல் ஒரு காட்சி நடத்தி, நாகவல்லியின் பழியைத் தீர்த்த பின்னரே கங்கைக்குத் தெளிவு வருகிறது. அறிவியலுக்கு ஒரு வணக்கம். நீதிக்கு ஒரு பலி. பார்ப்பவர் மனம் நிறைவதற்கு இரண்டும் வேண்டியிருக்கின்றன. எந்த நீதிமன்றமும் விசாரிக்காத கொலையை விசாரிக்கும் மன்றமாக ஆவியின் கதை அமைகிறது.

இதற்கு நம்மிடம் பழைய சான்று ஒன்று உண்டு. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் வழங்கும் நீலி கதை அது. கதை பலவாறு வழங்கினாலும் நடு எலும்பு ஒன்றே: கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகிறாள், மறுபிறவி எடுத்து வணிகனாக வரும் அவனைத் தேடி, கையில் பிள்ளையோடு, 'இவன் என் கணவன்' என்று ஊர்ச்சபையில் அழுகிறாள். அவன் அலறி மறுக்கிறான். வேளாளர் எழுபது பேரும் அவள் கண்ணீரை நம்பி, அவன் உயிருக்குத் தம் உயிரைப் பிணை வைத்து, இருவரையும் ஓரறையில் தங்கச் செய்கின்றனர். விடிந்தால் அவன் பிணம். சொன்ன சொல் தவறாமல் எழுபதின்மரும் தீப்புகுந்தனர். காதலும் பேயும் பூட்டிய அறையும் மூன்றும் இதில் உள்ளன. ஆனால் நம் மொழி இதிலிருந்து எதை எடுத்துக்கொண்டது பாருங்கள்: 'நீலிக் கண்ணீர்' என்ற தொடரை. பொய்யழுகைக்கு அது பெயராகிவிட்டது. அவள் முற்பிறவியில் கொலையுண்டவள் என்ற செய்தி தொடரில் தங்கவில்லை. இன்றைய எழுத்தாளர் ஒருவர் நீலியின் பக்கத்திலிருந்து இக்கதையை எழுதினால் முதல் வாசகராக நான் வரிசையில் நிற்பேன்.

இனி, முற்பிறவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ் வாசகரையும் பார்வையாளரையும் இத்துறையில் மிகுதியாகக் கட்டிப்போட்டது அதுவே. கல்கியின் 'சோலைமலை இளவரசி'யில் 1942 போராட்டத்தில் தலைமறைவான இளைஞன் பாழடைந்த கோட்டையில் ஒளிந்திருக்கையில், தான் முன்பு ஓர் அரசனாக அங்கே வாழ்ந்து காதலித்ததாக உணர்கிறான். ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' படம் 1963-இல் வந்தது. அதிலும் இன்றைய காதலர் நேற்றைய காதலரே. 'இதற்கு முன் எங்கோ பார்த்த முகம்' என்ற உணர்ச்சி காதலில் எல்லோருக்கும் உண்டாவதுதான். கதை அதனை உண்மையாக்கிக் காட்டும்போது நெஞ்சம் உருகுவதில் வியப்பில்லை.

ஆயினும் இவ்விடத்தில் ஓர் ஆபத்து பதுங்கியிருக்கிறது. 'நாம் முற்பிறவியிலேயே கணவன் மனைவி' என்பது காதலனுக்கு மிக வசதியான வாதம். அதற்கு மறுப்புச் சொல்ல அவளிடம் ஏட்டுச் சான்று உண்டா? அவள் 'வேண்டாம்' என்றால், 'உனக்கு நினைவு வரவில்லை' என்று சொல்லிவிடலாம். இரண்டாந்தரக் கதைகள் பலவற்றில் துரத்துவதே காதலாகிவிடுவது இவ்வழியாகத்தான். இரவில் அவள் அறியாமல் சன்னலருகே நின்று அவள் உறங்குவதைப் பார்ப்பவன் இரத்தக்காட்டேரியாக இருந்தால் அது காதல். பக்கத்துத் தெரு இளைஞனாக இருந்தால் காவல் நிலையம். 2005-இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய 'ட்விலைட்' புதினத்தைப் படித்தவர்கள் நான் எதைச் சொல்கிறேன் என்று அறிவார்கள். அக்கதையை விரும்பிப் படித்த தோழியர் சிலர் இங்கே சினம் கொள்ளலாம். படித்து மகிழ்வதை நான் குறை கூறவில்லை. கதையில் அச்சத்தை நாமே திறந்து நாமே மூடுகிறோம்; புத்தகத்தை மூடினால் காட்டேரி வெளியே வராது. வாழ்க்கையில் துரத்துபவனை அப்படி மூடி வைக்க முடியாது என்ற வேறுபாடு நினைவில் இருந்தால் போதும்.

இச்சிக்கலைச் சாத்தனார் எப்பொழுதோ கண்டிருக்கிறார் என்பதுதான் வியப்பு. 'மணிமேகலை'யைத் தேர்வுக்காகப் படித்தவர்கள் அதில் பசிப்பிணியையும் தருக்கத்தையும் மட்டும் நினைவில் வைத்திருப்பார்கள். சற்றே மறுமுறை பாருங்கள். சோழன் மகன் உதயகுமரன் மணிமேகலையைத் தொடர்ந்து உவவனத்திற்கு வருகிறான். அவள் பளிங்கறைக்குள் புகுந்துகொள்கிறாள். பளிங்கின் வழியே உருவம் தெரிகிறது, வாயில் தெரியவில்லை. அவளைக் கடல் தெய்வம் உறக்கத்தில் தூக்கி மணிபல்லவத் தீவிற்குக் கொண்டுபோகிறது. அங்கே புத்த பீடிகையைக் கண்டதும் அவளுக்குப் பழம்பிறப்புத் தெரிகிறது: முன்பு அவள் இலக்குமி, அவள் கணவன் இராகுலன், பாம்பின் நஞ்சால் அவன் இறந்தபோது அவள் தீப்புகுந்தாள். அந்த இராகுலனே இந்த உதயகுமரன்!

நம் காலத்துப் படமாக இருந்தால் இவ்விடத்தில் இசை எழும்; இருவரும் சேர்வர். சாத்தனார் வேறு வழி போகிறார். முற்பிறவியில் கணவன் என்று தெரிந்தும், அவன்மேல் தன் உள்ளம் செல்வதை உணர்ந்தும், மணிமேகலை தான் தேர்ந்த வழியை விடவில்லை. பழைய உறவு உண்மை. ஆனால் அது இப்பிறவியில் அவளைக் கட்டும் கயிறு அன்று. பிறகு நடப்பதோ எந்த மர்மப் புதினத்திற்கும் குறையாதது. அவனிடமிருந்து தப்ப அவள் காயசண்டிகை என்னும் விஞ்சை மகளின் உருவத்தை மந்திரத்தால் எடுக்கிறாள். உதயகுமரன் ஐயுற்றுச் சுற்றிவருகிறான். காயசண்டிகையின் உண்மைக் கணவன் காஞ்சனன் மனைவியைத் தேடி வந்து, 'இவள் என்னைத் தெரியாதவள்போல் இருந்து வேறொருவனோடு பேசுகிறாளே' என்று புழுங்குகிறான். அவள் யார் என்பது படிப்பவர்க்குத் தெரியும். இருவரில் ஒருவனுக்கு ஐயம், மற்றவனுக்குப் பிழையான உறுதி. நள்ளிரவில் உதயகுமரன் உலக அறவியினுள் நுழைகிறான். காஞ்சனனின் வாள் அவனை வெட்டுகிறது. கதை மாந்தருக்குத் தெரியாத ஆபத்தைப் பார்ப்பவருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டு அவரைத் துடிக்கவிடுவதே திகில் என்று ஹிட்ச்காக் விளக்கினார். அவ்விளக்கத்திற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. பிணத்தைக் கண்டு மணிமேகலை தன் உரு எடுத்து அழும்போது, அவள் மறுத்தது அன்பில்லாமையால் அன்று என்பதும் புலனாகிறது. தூணில் உள்ள பாவை வாய்திறந்து பேசி அவளைத் தடுக்கிறது, அது வேறு.

இக்காலத் தமிழ்ப் புதினங்களில் ஐயத்தை ஐயமாகவே வைத்து வென்றவர் சுஜாதா. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த அவர் பேய்க்கதை எழுதினால் எப்படி இருக்கும்? 'கொலையுதிர் காலம்' அதற்கு விடை. சொத்துக்கு உரியவளான இளம்பெண் லீனா, அச்சொத்தின்மேல் சுற்றத்தாரின் கண், பழைய மாளிகை என்று ராட்கிளிஃப் காலத்துச் சரக்கு அனைத்தும் அதில் உண்டு. ஆனால் ஆவிக்கு எதிரில் ஹோலோகிராம் என்னும் ஒளிப்பட விஞ்ஞானம் நிற்கிறது. முடிவில் எது உண்மை என்று கணேஷும் வசந்தும் ஒத்துப்போகவில்லை, படித்தவர்களும் ஒத்துப்போகவில்லை. தெய்வமும் குலக்கதையும் கலந்த மர்மத்தை வீடுதோறும் கொண்டு சேர்த்தவர் இந்திரா சௌந்தர்ராஜன். நாகா இயக்கிய 'மர்ம தேசம்' தொடர் 1990-களில் ஒளிபரப்பான நாட்களைப் பற்றி உங்கள் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள். அவர் 2024 நவம்பரில் காலமானார்.

கடைசியாக, நம் ஊர்க்காரர் ஒருவர். ஆர். கே. நாராயணை மைசூரின் எழுத்தாளர் என்று எல்லோரும் அறிவர். மகாராஜா கல்லூரியின் மாணவர் என்பதும், தமிழ்க் குடும்பத்தவர் என்பதும் நம்மவர்க்குப் பெருமை. அவர் மனைவி ராஜம் 1939-இல் நச்சுக்காய்ச்சலால் இறந்தார். 1945-இல் வெளிவந்த 'தி இங்கிலீஷ் டீச்சர்' நாவலில் கல்லூரி ஆசிரியன் கிருஷ்ணன் மனைவி சுசீலாவை அதே காய்ச்சலுக்குப் பறிகொடுக்கிறான். பிறகு ஒருவர் அவளுடைய சொற்கள் என்று சொல்லித் தாள்களில் எழுதித் தருகிறார். ஆவியுலகத் தொடர்பு பற்றிய அப்பகுதி வெறுங்கற்பனை அன்று; மனைவி இறந்தபின் அத்தகைய அமர்வுகளில் தாம் ஈடுபட்டதை நாராயண் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

இதில் பூட்டிய அறை இல்லை, கொலை இல்லை, வாள் இல்லை. மர்மம் ஒன்றே ஒன்று: எழுதுவது அவள்தானா? கிருஷ்ணனும் முதலில் ஐயுறுகிறான், சான்று தேடுகிறான், மாமனார் வீட்டில் இருக்கும் அவளுடைய பொருள்களைப் பற்றிக் கேட்டறிகிறான். துப்பறிவோன் கொலைகாரனைத் தேடுவதுபோல் அவன் மனைவியைத் தேடுகிறான். பேய்க்கதைகளில் இறந்தவர் வந்துவிடுவாரோ என்று அஞ்சுகிறோம். இங்கே வராமற் போய்விடுவாரோ என்று அஞ்சுகிறோம். நாவல் வெளிவந்தபோது, முதற்பாதியின் இல்லற அழகைப் பாராட்டிய பலருக்கு இரண்டாம் பாதியின் ஆவிப் பேச்சு உவப்பாக இல்லை. நம் வகுப்பறைகளிலும் அதே பேச்சுத்தான். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அப்பகுதியில் நடை சில இடங்களில் தளர்கிறது. ஆனால் முதற்பாதியோடு நிறுத்திவிட்டால் கிடைப்பது ஒரு நல்ல குடும்பக் கதை மட்டுமே. யாதவகிரியில் நினைவகமாக இருக்கும் அவர் வீட்டிற்குப் போக எண்ணுவோர், போவதற்கு முந்திய இரவில் அந்த இரண்டாம் பாதியைப் படித்துவிட்டுப் போகலாம். நூல் சிறியது, விளக்கணைக்கும் நேரத்திற்குள் முடிந்துவிடும்.